சுடுகாட்டு ரோட்டில் படப்பெட்டி

விளக்கு வைக்கிற வேளை. தூறலா, பனியா என்று சொல்ல முடியாத ஒரு மழை. நகரிக்கும் ஏகாம்பரகுப்பத்துக்கும் நடுவே, சுடுகாட்டை ஒட்டிப் போகிற ரோட்டில் தாட்சாயணி நகரியிலிருந்த தன் வீட்டுக்கு ஒற்றையாக நடந்து வந்தாள்.

ஒற்றையாக வரவேண்டும் என்று அவள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. துணைக்கு அத்தை கமலம்மா இருந்தாள். ஆனால் சுடுகாட்டு வேப்பமரம் கண்ணில் பட்டதுமே அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, 'முருகா முருகா' என்று ஓட்டமும் நடையுமாய்ப் போய்விடுவாள். தாட்சாயணிக்கோ அந்த இடம் வந்தால்தான் கால் மெதுவாகும். எரிந்து அடங்கிய சாம்பல் வாடை, வேப்பிலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், எங்கிருந்தோ ஒரு ஆந்தை... ஆகா, இதை விட்டுவிட்டு ஓடுவார்களா?

பேய்க்கதை என்றால் அவளுக்கு உயிர். பகலெல்லாம் தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பேய்க்கதை சொல்லுவாள். கேட்டவர்கள் அன்று இரவு கொல்லைப் பக்கம் தனியாகப் போகமாட்டார்கள். இத்தனை சொல்லியும் நிஜமாக ஒரு பேயை அவள் பார்த்ததில்லை. அந்தக் குறை அவளுக்கு உண்டு.

சாயப்பட்டறையிலிருந்து வாங்கி வந்த நூல் நனையாமல் இருக்க, தலையிலிருந்து முழங்கால்வரை ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தியிருந்தாள். வேப்பமரத்தடிக்கு வந்தாள். அப்போதுதான் அது எதிரே வந்தது.

தலை இல்லை. தோளுக்கு மேலே கூம்பாக ஏதோ ஒன்று. காலும் தெரியவில்லை. தரையைத் தொடாமல் மிதந்து வருகிற மாதிரி, 'கிரீச்... கிரீச்...' என்று ஒரு சத்தம் மட்டும். தாட்சாயணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. வந்துவிட்டதா? நிஜமாகவே வந்துவிட்டதா? அவள் ஆசையோடு ஓரடி முன்னால் வைத்தாள்.

"அம்மோ... தெய்யம்!"

அலறியது அவளில்லை. எதிரே வந்ததுதான், பேய் என்று தெலுங்கில் அலறியது. அலறிவிட்டுச் சைக்கிளோடு சரிந்து பள்ளத்தில் விழுந்தது. தகர டப்பாக்கள் உருண்டு மூடி திறந்தன. கருப்பாய், நீளமாய், விரித்த கூந்தல் போல ஒன்று புல்மேல் பளபளத்துக்கொண்டு ஓடி அவள் காலைச் சுற்றியது.

மழைக்குக் கோணிப்பையைத் தலையில் கூம்பாக மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டிருந்த ஒரு வாலிபன் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். மழை வழிகிற முகம். பயத்தில் அகன்ற கண்கள்... ஆனால் என்ன கண்கள்! தாட்சாயணிக்கு ஏமாற்றம் ஒரு பக்கம், என்னவென்று தெரியாத படபடப்பு ஒரு பக்கம்.

"சே! மனுஷன்தானா?" என்றாள்.

"நீ... நீங்க மனுஷியா?"

"கண்ணு தெரியலியா? என்னப் பாத்தா தெய்யம் மாதிரியா இருக்குது?"

"வெள்ளத் துணி போத்திக்கினு சுடுகாட்டாண்ட நின்னா பின்ன இன்னா மாதிரி இருக்குமாம்? ஐயோ, பிலிமு! நனைஞ்சா மொதலாளி என் தோல உரிச்சிடுவாரு. கொஞ்சம் நகராம நில்லுங்கம்மா!"

அவன் பெயர் சம்பத். இரண்டு ஊரிலும் டூரிங் கொட்டகை வைத்திருந்த ஒரு முதலாளியிடம் வேலை. கொட்டகை இரண்டு, படப்பெட்டி ஒன்று. ஏகாம்பரகுப்பத்தில் ஒரு சுருள் ஓடி முடிந்ததும் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரிக்குப் பறக்க வேண்டும். ராத்திரி பெட்டி அங்கே தங்கும். மறுநாள் பொழுது சாய்கையில் திரும்ப ஏகாம்பரகுப்பத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிப் போகிறபோதுதான் இந்தக் கூத்து.

புல்லில் கிடந்த சுருளைத் தாட்சாயணி மடமடவென்று சுற்ற ஆரம்பித்தாள். நூல் சுற்றுகிற கை. ஒரு முறுக்கு விழவில்லை. சுருளில் ஒரு பகுதியை முந்தானையால் துடைத்து, மேற்கே மிச்சமிருந்த வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரல்நகம் அளவு கட்டத்துக்குள்ளே ஒரு பெண், கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த கட்டத்திலும் அதே பெண். அதற்கடுத்ததிலும். எத்தனை கட்டம் தள்ளினாலும் அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னா படம்?" தாட்சாயணியின் குரல் தாழ்ந்துபோயிற்று.

"மாந்தோப்பு பங்களா. பேய்ப்படம்."

"பேய்ப்படப் பெட்டிய வச்சிக்கினு, பேய்க்குப் பயந்து பள்ளத்துல வுழுந்தீங்களா?"

அவள் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்து ஆந்தை பறந்துபோயிற்று. சம்பத்திடமிருந்தும் ஏதோ ஒன்று பறந்துபோயிற்று. பாவம், அது அவனுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாளும் அதே வேளை, அதே மரம். 'தற்செயல்' என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். அதற்கடுத்த நாள் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அத்தை வழக்கம்போல ஓடிப்போய் ரோட்டு முனையில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் மூச்சு சீராகிற நேரம்தான் இவர்களுக்குப் பேச்சு.

பேச்செல்லாம் பேயைப் பற்றித்தான்.

"நல்ல பேய்ப்படம்னு எப்பிடிக் கண்டுபுடிக்கிறது?" என்று அவன் கேட்டான்.

"பாத்துட்டு வந்தப்பறம் வௌக்க அணைக்க ஒருத்தர ஒருத்தர் ஏவிக்கினா அது நல்ல படம். கூந்தல விரிச்சிக்கினு சிரிச்சா, அது நாடகம். பேய் மூஞ்சியே காட்டக்கூடாது. கொரல் மட்டும் வரணும். அதுவும் தெரிஞ்ச கொரலா வரணும்."

அவன் ஒருநாள் திருப்பதி ஸ்டேஷன் ஓரத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாவலை, சட்டைக்குள் நனையாமல் வைத்துக் கொண்டுவந்தான். பெயர் 'பாழுங்கிணற்றுப் பௌர்ணமி'.

"இதப் படிச்சிப் பாரு. இதுல பேயே வராது. ஒரு ஊஞ்சல்தான். காத்தே இல்லாம ஆடிக்கினே இருக்கும். நான் வேர்த்து விறுவிறுத்துப் போய்ட்டேன்."

அவன் பேச்சில் 'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டதை அவள் கவனித்தாள். கவனித்தும் சும்மா இருந்தாள். மறுநாள் தீர்ப்பு சொன்னாள். "ஊஞ்சல் பிரமாதம். கடைசியில துப்பறியறவன் வந்து எல்லாத்தையும் வெளக்கிட்டான் பாருங்க, அங்கதான் புஸ்ஸுனு போச்சு. பேய்க்கதையில யாரும் எதையும் வெளக்கக்கூடாது."

சரி, மாந்தோப்பு பங்களா எப்படி முடிகிறது என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். சுருளை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் அவன். எந்த ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. நடுநடுவே பார்த்ததைச் சொன்னான். விட்டுப்போனதை அவள் இட்டுக்கட்டினாள். அவள் கட்டியதைக் கேட்டுவிட்டு அவனால் அன்று சைக்கிள் மிதிக்கவே முடியவில்லை.

"ஆத்தங்கர ஊட்டுல ஒரு பொம்பள இருந்தா" என்று இன்னொரு நாள் அவள் தொடங்கினாள். "புருஷன் வியாபாரத்துக்குப் போயிருந்தான். பொழுது போற நேரம், வாசல்ல அவன் கொரல். கதவத் தெறந்தா... யாரும் இல்ல. பேய்க்குன்னு சொந்தமா கொரல் கெடையாது, தெரியுமா? நம்ம மனசு யாருக்காக ஏங்குதோ, அவங்க கொரலத் திருடிக்கினுதான் அது வரும்."

சம்பத் வேப்பமரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "நீ யாருக்காக ஏங்குவ?"

மழை சட்டென்று வலுத்தது. நூல் நனைந்துவிடும் என்று சாக்குச் சொல்லிவிட்டு அவள் அத்தையிடம் ஓடினாள்.

இது இப்படியே போயிருக்கும்... ஊர் நடப்பு வேறாக இருந்தது. அது ஐம்பத்தொன்பதாம் வருஷம். திருத்தணி, பள்ளிப்பட்டு எல்லாம் மதராஸோடு சேரும், நகரி ஆந்திராவிலேயே இருக்கும் என்று முடிவாகிவிட்டது. தாட்சாயணியின் அப்பா செங்கல்வராயன் எல்லைப் போராட்டத்தில் லத்தியடி பட்டவர். நகரியும் மதராஸுக்குத்தான் வரும் என்று பந்தயம் கட்டாத குறையாகப் பேசித் திரிந்தவர். இப்போது ஊருக்குள் தலைகாட்டவே அவருக்கு மனசில்லை. தறியைப் பிரித்துக்கொண்டு பள்ளிப்பட்டுக்கே குடிபோவது, மகளையும் அங்கேயே கோவர்த்தனன் என்கிற பையனுக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். 'எல்லைக்கு இந்தப் பக்கம் என் பொண்ணு வாழமாட்டா' என்பது அவர் பேச்சு.

தாட்சாயணி அதை மரத்தடியில் சொன்னபோது சம்பத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அவனும் தறிக்காரக் குடும்பம்தான். சாதி சனத்தில் தடையில்லை. ஆனால் அவன் ஊர் கங்காதர நெல்லூர்ப் பக்கம். எந்த எல்லைக் கோடு போட்டாலும் அது ஆந்திராதான்.

"வெள்ளிக்கெழமக்குள்ள வந்து எங்க நைனாவக் கேளுங்க" என்றாள். "நீங்க வரலைன்னா... நான் சரின்னு தலையாட்டிடுவேன்."

"இந்தச் சுடுகாட்டத் தாண்டறதே எனக்குப் பெரும்பாடு. உங்க நைனா மொகத்துலயா முழிக்கிறது?"

"அது உங்க இஷ்டம்." விருட்டென்று நடந்தாள். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்ததைப் பார்த்த எவனும் வராமல் இருக்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்தும் சாயாத நேரம். மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. செங்கல்வராயன் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தாட்சாயணி கதவோரமாய்த் தார் சுற்றுவதுபோல் உட்கார்ந்திருந்தாள். கை சுற்றியது. காது வாசலில் கிடந்தது.

"செங்கல்வராயன் மாமா..."

தறி டக்கென்று நின்றது.

அவன் குரல்! எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். அந்தக் கையை அப்பாவின் கை இறுக்கிப் பிடித்தது. தறியிலிருந்து எப்போது எழுந்து வந்தார் என்றே தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் வெளுத்திருந்தது.

"இரு" என்று உதட்டால் சொன்னார். "பொழுது போன நேரம். மூணாவது கொரல் வரட்டும்."

நகரியில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பொழுது சாய்ந்தபின் வாசலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் பதில். பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும். அதற்குமேல் அதற்குச் சக்தி கிடையாது.

"செங்கல்வராயன் மாமா..." இரண்டாம் தரம் குரல் கொஞ்சம் நடுங்கியது.

தாட்சாயணி மூச்சை அடக்கிக்கொண்டாள். இதோ... இன்னொரு தரம்... கூப்பிடுங்களேன்...

மழைதான் கேட்டது. ஓட்டிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. அப்பா மெல்லக் கையை விட்டார். அவள் கதவைத் திறந்தாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. சைக்கிள் தடம்கூட இல்லை. வாசல் பூராவும் மழைத் தண்ணீர் கருப்பாய் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்று அப்பா திருநீறை அள்ளி அவள் நெற்றியில் பூசினார். "நான் சொல்லல?"

அன்று இரவு அவள் தூங்கவில்லை. மனசு யாருக்காக ஏங்குதோ அவர்கள் குரலைத் திருடிக்கொண்டு வரும்... தான் சொன்ன கதையே தன் வீட்டு வாசலில் வந்து நின்றதா? அப்படியென்றால் அவன் வரவே இல்லையா?

அடுத்த இரண்டு நாளும் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாள். படப்பெட்டிச் சைக்கிள் அந்தப் பக்கமே வரவில்லை. ஸ்டேஷன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறானாம். அத்தைதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். தாட்சாயணிக்கு நெஞ்சு எரிந்தது. என்னைப் பார்க்கப் பிடிக்காமல் ஊரைச் சுற்றிப் போகிறவனுக்காகச் சுடுகாட்டில் காத்துக்கிடக்கிற ஜன்மமா நான்? வீட்டுக்குப் போனாள். அப்பா கேட்டதற்குத் தலையாட்டினாள். வருகிற முகூர்த்தத்தில் தாம்பூலம் மாற்றுவதென்று முடிவாயிற்று.

மாந்தோப்பு பங்களா கடைசி நாள் என்று வண்டியில் தமுக்கடித்துக்கொண்டு போனார்கள். "ஊர விட்டுப் போறதுக்குள்ள அந்தக் கண்ராவிய ஒருதரம் பாத்துடணும்டி" என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். பேய்க்குப் பயந்தவர்களுக்குத்தான் பேய்ப்படத்தில் ஆசை அதிகம். செங்கல்வராயன் இருவரையும் கொண்டுபோய்க் கொட்டகையில் விட்டு, ஆட்டம் விடுகிற நேரத்துக்குக் குடையோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

பெண்கள் பக்கம் மணலில் இடம் கிடைத்தது. தாட்சாயணி திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனாலும் தெரிந்துவிட்டது. மெஷினுக்குப் பக்கத்தில், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். மழையில் ஏகாம்பரகுப்பத்துக் கொட்டகை சாய்ந்துவிட்டது. அன்று அங்கே ஆட்டமில்லை. முதல்முறையாக அவனும் முழுப்படம் பார்க்கிறான்.

கடைசிச் சுருள் ஓடியது. பங்களா, மழை, ஒற்றை விளக்கு. அன்று புல்லில் கிடந்து அவள் கையில் ஏந்திய அதே பெண் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெளியே காதலன் குரல்.

"மல்லிகா..."

கொட்டகை மூச்சு விடவில்லை.

"மல்லிகா..."

"தெறக்காதடி!" என்று ஒரு கிழவி கத்தினாள். அத்தை தாட்சாயணியின் தொடையைக் கிள்ளினாள். திரையில் அந்தப் பெண் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு தயங்குகிறாள். தாட்சாயணிக்குத் தன் கையே அங்கே இருப்பதுபோல் குளிர்ந்தது.

"மல்லிகா..."

"அப்பாடி, மூணாவது! மனுஷன்தான்!" பெண்கள் பக்கம் முழுக்க ஒரே பெருமூச்சு. ஆண்கள் பக்கம் ஒருவன் பீடி பற்றவைத்தான். நகரியே நிம்மதியாயிற்று.

அதே நொடி பின்னாலிருந்து ஒரு அலறல். "ஐயோ, மூணாவது! அது மனுஷன் இல்ல! தெறக்காத!"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. "எந்த ஊர்டா நீ? மூணாவதுக்குப் போயி பயப்படற!"

"கங்காதர நெல்லூருங்க... எங்க பக்கம் மனுஷங்க ரெண்டுக்கு மேல கூப்பிடமாட்டாங்க!"

திரையில் கதவு திறந்தது. அங்கே நின்றது காதலன் இல்லை. கொட்டகையே அலறியது. அத்தை மணலில் குப்புற விழுந்தாள்.

தாட்சாயணி அலறவில்லை. எழுந்துவிட்டாள். இரண்டுக்கு மேல் கூப்பிடமாட்டார்களா? அப்படியானால் அன்றைக்கு... கால்களை, மடிகளை, குழந்தைகளைத் தாண்டிக்கொண்டு, தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்துவிட்டு அவனும் வந்திருந்தான். தூறல். உள்ளேயிருந்து பேய்ச் சங்கீதம் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அன்னிக்கி எங்க ஊட்டுக்கு வந்தது... நீங்கதானா?"

"பின்ன வேற யாரு?" அவன் வேறெங்கோ பார்த்தான். "ரெண்டு தரம் கூப்ட்டேன். தறி ஓடிக்கினு இருந்துச்சு. நான் கூப்ட்டதும் நின்னுச்சு. உள்ள வௌக்கு எரிஞ்சிது. எல்லாரும் கேட்டுட்டுதானே கதவத் தெறக்கல? தெறக்காத கதவாண்ட இன்னொரு தரம் போய் நிக்க எனக்கு ரோஷம் இல்லியா?"

"மூணாவது தரம் ஏன் கூப்பிடல? நாங்க அதுக்குத்தான் காத்துக்கினு இருந்தோம்! எங்க ஊர்ல மூணாவது தரம் கூப்ட்டாத்தான் மனுஷன்!"

அவன் அவளையே வெறித்தான். "எங்க ஊர்ல பொழுது போனப்பறம் ஒருத்தர் பேரச் சொல்லி மூணு தரம் கூப்ட்டா அவங்க உசுருக்கு ஆகாது. உங்க நைனாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா... அப்பறம் நீ அழுவியேன்னுதான்..."

தாட்சாயணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. துடைத்துக்கொண்டு திரும்பினால், குடையோடு செங்கல்வராயன் நிற்கிறார். எத்தனை நேரமாக நின்றாரோ!

"நைனா" என்றாள். குரலை அவள் தாழ்த்தவில்லை. "பள்ளிப்பட்டுக்காரர் வேணாம். நான் தலையாட்டினது, இவரு வரலேன்னு நெனச்சிக்கினுதான்."

செங்கல்வராயன் சம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்கி மாமான்னு கூப்ட்டது நீயா?"

"ஆமாங்க."

"ஏன்டா, லத்திக்குப் பயப்படாதவன்டா நான்! உன் கொரலக் கேட்டு உள்ள நடுங்கிக்கினு நின்னேன்டா! பொண்ணு கைய வேற புடிச்சி வச்சிக்கினேன்." சொல்லும்போதே அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெரிய மனுஷன், மகளின் அந்தக் கையை மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால்... "நாங்க பள்ளிப்பட்டு போறது போறதுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் பொண்ணக் குடுக்கமாட்டேன்னு ஊர்பூரா சொல்லியாச்சு. இப்ப எந்த மொகத்த வச்சிக்கினு..."

மணலைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்த அத்தைக்கு இப்போதுதான் தைரியம் வந்திருந்தது. "பள்ளிப்பட்டு இன்னா காசியிலயா இருக்குது? பஸ்ஸுல குந்தினா வந்துடப்போறா. நீ கோடு போடறவங்களோட சண்ட போடு. பொண்ணோட ஏன் போடற?"

செங்கல்வராயன் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். பிறகு அதட்டலாகவே சொன்னார். "உங்க பெரியவங்கள இட்டுக்கினு வா. பொழுது போனப்பறம் வந்து நின்னு உசுர வாங்காத. பகல்ல வா. கோவர்த்தனன் ஊட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டு அத்தையை இழுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். வழக்கத்தைவிட மெதுவாக.

தூறலில் இருவர் மட்டும் நின்றார்கள்.

"பயந்துட்டியா... அன்னிக்கி?" என்றான் சம்பத்.

"நான் எதுக்கும் பயந்தவ இல்ல. சுடுகாட்டுல தனியா நடந்திருக்கேன். பேய் வராதான்னு தேடினவ நான்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழைத்துளி தங்கிய இமைகளுக்குள்ளே கண் கலங்கியிருந்தது. "ஆனா கதவத் தெறந்து, தெருவுல நீங்க இல்லேன்னு பாத்தேனே... அப்பதான் பயம்னா என்னன்னு தெரிஞ்சிது. இனிமே காலம்பூரா இப்பிடித்தான் வாசல் வெறிச்சினு இருக்கப்போவுதோன்னு நடுங்கிட்டேன். உங்கமேல எனக்கு அவ்ளோ ஆச இருக்குது. போதுமா?"

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அப்பாவின் குடையை நோக்கி ஓடிவிட்டாள். உள்ளே படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். பயந்து வெளிறிய முகங்களோடு நகரி ஜனங்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்களுக்கு நடுவே சம்பத் மட்டும் மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டு நின்றான்.